மிச்சக் கணக்கு

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில், ஆமத்தூரைச் சுற்றி விரிந்து கிடக்கும் கரிசல் காடுகளில், ஐப்பசி மழை ஒன்றிரண்டு முறை நன்றாக இறங்கிய பிற்பாடு, எவரும் விதைக்காமலும் எவரும் நீர் பாய்ச்சாமலும் ஒரு கொடி தானே தலைநீட்டுகிறது. கோடை முழுவதும் வெடித்துக் கிடந்த மண்ணுக்கு அடியில் கிழங்காக அடங்கியிருந்து, ஈரம் கண்ட மாத்திரத்தில் துளிர்த்து, பருத்திக்கும் சோளத்துக்கும் ஊடே படர்ந்து, விரல் நுனியளவில் வரிவரியாகப் புடைத்த பச்சைக் காய்களைக் கொத்துக் கொத்தாகத் தரும் அக்கொடியின் காயைத்தான் இவ்வட்டாரத்தார் அதலைக்காய் என்கிறார்கள். பாகலின் இனத்தைச் சேர்ந்தது; கசப்பிலும் பாகலுக்கு இளைத்ததன்று. மழைக்காலம் தீர்ந்தால் கொடியும் காய்ந்துவிடும்; மறுபடி அடுத்த ஐப்பசிக்குத்தான். பறித்த காயை நெடுநேரம் நீரில் போட்டு வைத்தால் வெடித்து விதையை வெளியே தள்ளிவிடும் ஆகையால், காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சட்டென்று அலசி, உடனே வாணலியில் போட்டுவிடுவதே வழக்கம். வெடிக்குப் பேர்போன பூமியில் காய்க்கும் அந்தக் குணம் வந்துவிட்டது போலும்!

இந்தக் காயில் மாவுச்சத்து எவ்வளவு? கேள்வி சிறியது. ஆயினும் இதற்கு நேர்மையான விடை சொல்லப் புகுந்தால், ஐரோப்பாவின் இரசாயன சாலைகளுக்கும், நீரிழிவு நோயால் மாண்டுகொண்டிருந்த குழந்தைகளின் படுக்கைகளுக்கும், நம்முடைய குன்னூர் மலைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது.

கேள்வி ஏன் எழுந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியானபோது, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினர் அவ்வாறானவர்கள் என்றும் தெரியவந்தது. அதே ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, இந்தியர்கள் உண்ணும் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கணக்கிட்டது. இவ்விரண்டு செய்திகளுக்கும் உள்ள உறவைப் பாமரரும் அவை வெளிவருமுன்பே ஊகித்துக்கொண்டதன் விளைவாகத்தான், மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறை, பேலியோ என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியிருக்கிறது. நாளொன்றுக்கு 130 கிராமுக்கு உட்பட்ட மாவுச்சத்து குறைவானது என்றும், 50 கிராமுக்குக் கீழ்ப்பட்டது கடுமையான விரதம் என்றும் இம்முறையைக் கையாள்வோர் பொதுவாக வகுத்துக்கொள்கிறார்கள். இதைக் கைக்கொள்கிறவர்கள் காலையில் எழுந்ததும் கைபேசியைத் திறந்து, காரட்டுக்கு எத்தனை, கத்தரிக்காய்க்கு எத்தனை என்று எண்களைத் தேடுகிறார்கள். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவரைத்தான் காணோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உணவின் சக்தியை அளப்பதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட கருவிக்கு வெடிகலம் என்று பெயர் வைத்தால் சிவகாசியில் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. தடித்த எஃகுப் பாத்திரம் ஒன்றில் உலர்த்திய உணவுத் துணுக்கை வைத்து, பிராணவாயுவை மிகுந்த அழுத்தத்தில் நிரப்பி மூடி, மின்சாரப் பொறியால் பற்றவைத்து, எழும் வெப்பம் சுற்றியுள்ள நீரை எவ்வளவு சூடாக்குகிறது என்று அளப்பார்கள். பட்டாசில் கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை வெடியுப்பு கொடுக்கிறது. இங்கே அது குழாய் வழியாக வருகிறது. வித்தியாசம் அவ்வளவே. அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற இரசாயனர் இத்தகைய கருவிகளைக் கொண்டும், மனிதர்களையே ஓர் அறைக்குள் உட்காரவைத்து அவர்கள் மேனியிலிருந்து வெளிப்படும் வெப்பத்தையும் மூச்சையும் அளந்தும், மாவுச்சத்துக் கிராமுக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று இன்றளவும் பொட்டலங்களின் மீது அச்சிடப்படும் கணக்கை வகுத்தார்.

அட்வாட்டர் காலத்து முறையில் ஒரு விசித்திரம் உண்டு. உணவிலுள்ள நீரை உலர்த்தி அளந்தார்கள். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணித்தார்கள். ஈதரில் கரைத்துக் கொழுப்பை எடுத்தார்கள். எரித்துச் சாம்பலை நிறுத்தார்கள். மாவுச்சத்தை மட்டும் எவரும் நேராக அளக்கவில்லை. நூறிலிருந்து மற்ற நான்கையும் கழித்து, எது மிஞ்சியதோ அதற்கு மாவுச்சத்து என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். மற்ற நான்கு அளவைகளிலும் நேர்ந்த பிழைகளெல்லாம் இந்த மிச்சத்தில் வந்து சேர்ந்தன. அதனினும் முக்கியமாக, சர்க்கரையும் ஸ்டார்ச்சும் நாரும் ஒரே கணக்கில் ஏறின.

நாரைப் பற்றி இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அரிசியிலுள்ள ஸ்டார்ச்சும் அதலைக்காயின் தோலிலுள்ள செல்லுலோசும் ஒரே மூலப்பொருளால், அதாவது குளுகோஸால் கோக்கப்பட்ட சங்கிலிகளே. ஒரு குளுகோஸ் அடுத்ததோடு கைகோக்கும் கோணம் மட்டும் வேறு. அந்தக் கோணம் ஒன்று மாறியதால், நம் எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள நொதி ஸ்டார்ச்சைச் சில நிமிஷங்களில் வெட்டத் தொடங்கிவிடுகிறது. செல்லுலோசின் எதிரே அது செயலற்று நிற்கிறது. வெடிகலத்துக்கு இந்தப் பேதம் தெரியாது. நெருப்பு இரண்டையும் ஒருபடித்தாகவே எரிக்கும். குடலுக்குத் தெரியும். நாரில் ஒரு பகுதியைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சிறிது சக்தியை நமக்கு விட்டுக்கொடுக்கின்றன என்பது மெய்யே. ஆனால் அது குளுகோஸாக இரத்தத்தில் ஏறுவதில்லை.

இந்தப் பேதத்தை வைத்தியர்கள் ஏடுகளில் கற்பதற்கு முன்பே நோயாளிகளிடம் கற்றார்கள். பிரான்சில் அப்போலினேர் புஷார்தா என்ற வைத்தியர், 1870-71இல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, ரொட்டிக்குப் பஞ்சம் வந்ததும் தம் நோயாளிகளின் சிறுநீரிலிருந்து சர்க்கரை மறையக் கண்டார். மாவைக் குறைத்துப் பச்சைக் காய்கறிகளைக் கூட்டும் பத்தியத்தை வற்புறுத்தினார். அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1863இல், வில்லியம் பாண்டிங் என்னும் லண்டன் வியாபாரி, ரொட்டியையும் சர்க்கரையையும் உருளைக்கிழங்கையும் விலக்கித் தம் ஸ்தூல சரீரத்தைக் குறைத்த கதையைச் சிறு பிரசுரமாக வெளியிட்டு ஊரெங்கும் பேசவைத்தார். இன்று புதுமை என்று கொண்டாடப்படும் பத்தியத்தின் வயது அவ்வளவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்சுலின் இல்லாத காலத்தில், அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் என்ற வைத்தியர் இதை அதன் எல்லைவரை கொண்டுபோனார். நீரிழிவுக் குழந்தைகளை உயிரோடு வைத்திருக்க அவருக்குத் தெரிந்த ஒரே மார்க்கம் பட்டினி. பசியால் துடிக்கும் குழந்தையின் வயிற்றை எதையாவது இட்டு நிரப்ப வேண்டுமே என்பதற்காக, கோசும் கீரையும் போன்ற காய்கறிகளை மூன்று முறை வேகவைத்து, மூன்று முறையும் நீரை மாற்றி வடித்துக் கொட்டி, சக்கையாகிப்போன அதைத் தட்டில் வைத்தார்கள். வெந்நீரில் கரையும் சர்க்கரைகள் அந்நீரோடு போயின. உப்புகளும் வைட்டமின் 'சி'யும் கூடவே போயின. உருளைக்கிழங்கை வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரை நோயாளி அதை உண்ணலாம் என்று நம்மூரில் இன்னும் சிலர் நம்புகிறார்கள். கிழங்கின் ஸ்டார்ச் உயிரணுக்களுக்குள்ளேயே வீங்கித் தங்கிவிடுகிறது. நீரோடு போவது அற்பமே. சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டுவதும் இதே கதைதான்.

கணக்கைத் திருத்தியவர்கள் இருவர். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த ராபின் லாரன்ஸ் இளம் வைத்தியராயிருக்கையிலேயே நீரிழிவுக்கு ஆளானவர். மரணம் நிச்சயமென்று எண்ணித் தம் இறுதி நாட்களைக் கழிக்க இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குப் போயிருந்தவர். அங்கே 1923இல் இன்சுலின் வந்துவிட்ட செய்தியைத் தம் மருத்துவமனை நண்பர் ஒருவர் மூலம் கேட்டு, மிகவும் நலிந்த நிலையில் ஊர் திரும்பி, மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர். இன்சுலின் போட்டுக்கொள்கிறவன் எவ்வளவு மாவுச்சத்து உண்ணப்போகிறான் என்பதை அறியாவிட்டால் மருந்தே விஷமாகிவிடும் அல்லவா? ஆகவே மிச்சக் கணக்கு அவருக்குப் போதவில்லை. அவரும் அதே மருத்துவமனையின் ராபர்ட் மக்கான்ஸும் சேர்ந்து, பச்சையாகவும் சமைத்ததாகவும் காய்களையும் கனிகளையும் எடுத்து, உடல் உபயோகித்துக்கொள்ளும் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் எத்தனை, உடலுக்கு எட்டாத நார் எத்தனை என்று தனித்தனியே அளந்து 1929இல் வெளியிட்டார்கள். இன்று பத்தியக்காரர்கள் மொத்தத்திலிருந்து நாரைக் கழித்து எழுதும் நிகர எண்ணுக்கு மூலபுருஷர்கள் இவ்விருவரே.

நம் நாட்டில் இவ்வேலை நடந்த இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். ராபர்ட் மக்காரிசன் அங்கே தொடங்கி வளர்த்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிச் சாலையிலிருந்து, அவருக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். சாலை 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று; பட்டியல் பலமுறை திருத்தப்பட்டு, 2017இல் 528 உணவுகளுடன் முற்றிலும் புதிதாக அளக்கப்பட்டு வெளிவந்தது.

இனி அடுப்படிக்கு வருவோம். 2017க்கு முந்தைய பட்டியலின்படி, 100 கிராம் பச்சைக் காயில் சுரைக்கும் வெள்ளரிக்கும் இரண்டரை கிராம், புடலைக்கும் பீர்க்குக்கும் மூன்றரைக்குள், கத்தரிக்கும் பாகலுக்கும் நாலு, வெண்டைக்கு 6.4, கொத்தவரைக்குப் பத்துக்கு மேல். மண்ணுக்கடியில் விளைவன வேறு ஜாதி: சேனை 18, சேம்பு 21, உருளை 22, சர்க்கரைவள்ளி 28, மரவள்ளி 38. முள்ளங்கியும் காரட்டும் இதற்கு விலக்கு, முள்ளங்கிக்கு 3.4தான், காரட்டுக்குப் பத்துச் சொச்சம். சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சை வயிறு முட்டத் தின்றாலும் ஒரு பிடி அரிசிக்கு ஈடாவது அரிது.

அதலைக்காயைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, பாகற்காயைப்போல் மூன்று மடங்கு சுண்ணாம்புச் சத்து அதில் உண்டென்று காட்டியது. 100 கிராம் காயில் மாவுச்சத்து 12.6 கிராம் என்றும், நார் 6.4 கிராம் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. இந்த 12.6ஐ மட்டும் படித்துவிட்டு, கத்தரியைவிட மூன்று மடங்காயிற்றே என்று கூடையை இறக்கிவிடுகிறவர் உண்டு. அது மிச்ச முறைப்படி வந்த எண். அதில் பாதி நார். வாணலியில் அதற்குத் துணையாகப் போகும் சின்ன வெங்காயத்தைப் பாருங்கள்: பட்டியலில் அதற்கும் அதே 12.6! ஆனால் அங்கே நாரை முன்னமே கழித்துவிட்டார்கள். ஒரே எண், இரண்டு அர்த்தம். ஆகவே பட்டியலைப் புரட்டும்போது நார் உள்ளே சேர்ந்திருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்று தலைப்பைப் பார்க்காமல் எண்ணை எடுக்கலாகாது.

நாலு பேருக்கு ஒரு பொரியல் போடுவோம். கால் கிலோ அதலைக்காய். நாரைக் கழித்தால் சுமார் 15½ கிராம். உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், 12½. இறக்கும்போது தூவும் தேங்காய்த் துருவல் 50 கிராம்; 6½. கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. விருதுநகரின் செக்கு நல்லெண்ணெயில் மாவுச்சத்து கிடையவே கிடையாது. ஆக மொத்தம் 34½. ஆளுக்கு எட்டரை கிராம் சுமார். காயைக் காட்டிலும் துணைப் பொருள்களே மிகுதியாகக் கொணர்ந்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டு வைத்தால் பருப்பு இந்தப் பதவியைப் பிடித்துக்கொள்ளும்; துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 57 கிராம் இருக்கிறது.

இதை நிறுக்க வேண்டிய சமயம் அடுப்பேற்றுமுன். வாணலியில் காய் நீரை இழந்து சுருங்குகிறது. மாவுச்சத்து எங்கும் போவதில்லை. ஆதலால் வதங்கிய பொரியலை நிறுத்துப் பச்சைக்காயின் எண்ணைப் போட்டால் கணக்குக் குறைந்து காட்டும். சோறு நேர்மாறு. 100 கிராம் அரிசி நீரைக் குடித்து ஏறக்குறைய 300 கிராம் சோறாகிறது. சோற்றை நிறுத்து அரிசியின் எண்ணைப் போட்டவர் மூன்று மடங்கு பயப்படுவார். கணக்குப் போடுகிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த 300 கிராம் சோறு, அதாவது ஒருவர் பசியாற ஒரு வேளை உண்பது, 78 கிராம் மாவுச்சத்து. பக்கத்தில் இருக்கும் பொரியலைப்போல் ஒன்பது மடங்கு. காரட்டுத் துண்டை எண்ணி ஒதுக்கிவிட்டுச் சோற்றைக் கண்ணளவில் போட்டுக்கொள்வதைவிட வேடிக்கை வேறென்ன இருக்கிறது? எண்ணெய்ப் புரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகரில், அந்த எண்ணெயைக் கண்டு மிரள்கிறவர்கள் மாவைக் கண்டு மிரள்வதில்லை; 50 கிராம் மைதா பிடிக்கும் ஒரு புரோட்டாவில் 37 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, இரண்டோடு எழுந்திருப்பவரும் குறைவு. கரிசல்காட்டின் பழைய ஆகாரமான கம்பும் சோளமும் மாவுச்சத்துக் குறைந்தவை என்று இப்போது ஒரு பிரசாரம் நடக்கிறது. 100 கிராம் கம்பில் 67½ கிராம், சோளத்தில் 72½. நாரும் இரும்பும் புரதமும் அவற்றில் மேம்பட்டவை என்பதிலும், நெல்லரிசியைக் காட்டிலும் அவை மெதுவாகச் செரிக்கலாம் என்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் குறைந்த மாவுச்சத்துப் பத்தியத்தில் கம்மங்கூழுக்குச் சலுகை கிடையாது. அதை உண்டு வாழ்ந்தவர்கள் பொழுதுக்கும் கலப்பையும் களைக்கொத்துமாக நின்றவர்கள். தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசுக் கம்பெனியிலும் உட்கார்ந்தபடி கை வேலை செய்கிறவர்களுடைய தசைகள் அவ்வளவு குளுகோஸைக் கேட்பதில்லை.

சமையல் மாவுச்சத்தின் எண்ணை மாற்றாதெனினும் அது செரிக்கும் வேகத்தை மாற்றும். அதைக் காண்பதற்கு இவ்வட்டாரத்தைவிட உகந்த இடம் வேறில்லை. தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சும்போது நடப்பதை உற்று நோக்குங்கள். குளிர்ந்த நீரில் கரைத்த மாவு, கலக்காமல் விட்டால் அடியில் படிந்துவிடுகிறது. தீ ஏறி, நீர் கை பொறுக்காத சூட்டைத் தாண்டியதும், ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சி வீங்கி உடைந்து, பால் போலிருந்தது திடீரென்று பளபளத்துக் கெட்டிப்படுகிறது. அதில் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அந்த நஞ்சு ஒன்றை விட்டுவிட்டால், உலையில் அரிசி சோறாவதும் இதே கிரியைதான். பச்சை மணியின் இறுகிய கட்டமைப்புக்குள் நுழைய முடியாத நொதி, உடைந்த மணிக்குள் எளிதில் புகுகிறது. குழைந்த சோறு விரைந்து சர்க்கரையாவதற்கும், மாவாக அரைத்ததை உண்டால் இன்னும் விரைவதற்கும் காரணம் இது.

ஆறவைத்த பசை மறுநாள் இறுகி, ஓரத்தில் நீர் கக்கி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பிரிந்த ஸ்டார்ச் சங்கிலிகளில் சில மறுபடி நெருங்கி அடுக்காகிவிட்டன. அந்த அடுக்கை நொதி எளிதில் வெட்டாது. இரவில் நீரூற்றி வைத்த பழைய சோற்றிலும் சிறிது இவ்வாறு நேர்கிறது. சிறிது என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பழைய சோறு சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது என்று பேசுகிறவர்கள் அந்தச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள்.

சரி, எவ்வளவு குறைக்கலாம்? முன்பு சொன்ன இந்திய ஆய்வாளர்கள் 18,000க்கும் மேற்பட்டவர்களின் உணவை வைத்து 2022இல் கணித்தபடி, புதிதாக நீரிழிவு கண்டவர்கள் கலோரியில் 49 முதல் 54 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெற்று, புரதத்தை 20 சதவீதத்துக்குச் சமீபமாக உயர்த்தினால் நோய் தணிய இடமுண்டு. அறவே நீக்கச் சொல்லவில்லை. கடும் பத்தியங்கள் முதல் ஆறு மாதங்களில் சர்க்கரையை நன்றாக இறக்குகின்றன. ஓராண்டு ஆவதற்குள் அந்த மேன்மை மங்கிவிடுகிறது, பெரும்பாலும் மனிதர் பழைய தட்டுக்கே திரும்பிவிடுவதால். என் அபிப்பிராயத்தில், காய்களைத் தராசில் வைத்து வாழ்நாளைக் கழிக்க வேண்டியதில்லை. கிழங்கைத் தவிர்த்த காய் எதுவாயினும் தட்டில் பாதியை அடைக்கட்டும். தராசு அரிசிக்கும் மாவுக்கும் போதும், அதுவும் உலையில் இடுமுன்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், கிளிமிப்பிரைடு, கிளைபென்கிளமைடு வகை மாத்திரை உண்கிறவர்களும், மருந்தின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். கிளிப்ளோசின் என்று முடியும் பெயருடைய மாத்திரைகளை உண்கிறவர்கள் கடும் பத்தியத்தில் இறங்கினால் இரத்தம் அமிலப்படும் அபாயம் உண்டு. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயுள்ளவர்களும் இதைத் தாமாகத் தொடங்கலாகாது. இவர்கள் தட்டை மாற்றுமுன் தமக்கு மருந்து எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் சென்று, எவ்வளவு அரிசியைக் குறைக்கப்போகிறோம் என்பதைக் கிராமில் சொல்லி, மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.